ஈட்டர் எரியாது என்று சொன்ன கணக்கு: நாலுக்கும் ஆறுக்கும் நடுவே நடந்த சண்டை

1996 டிசம்பரில் சயன்ஸ் இதழில் வந்த ஒரு செய்திக் கட்டுரை அணுக்கரு இணைவுக்காரர்களின் வயிற்றில் புளியைக் கரைத்தது. பல நாடுகள் சேர்ந்து சுமார் 1000 கோடி டாலர் செலவில் கட்ட நினைத்திருந்த ஈட்டர் என்ற அணுக்கரு இணைவு உலை, கட்டி முடித்தாலும் நினைத்தபடி எரியாமல் போகலாம் என்று ஒரு கணினி மாதிரி சொல்கிறது என்பதுதான் அதன் சாரம். மாதிரியைக் கொண்டுவந்தவர்களில் முன்னால் நின்று வாதாடியவர்கள் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் இருந்த மைக் கோட்ஷென்ராய்ட்டர், பில் டோர்லண்ட் இருவர். ஆராய்ச்சித் தாளில் அவர்களோடு பிரின்ஸ்டன் பிளாஸ்மா ஆய்வகத்தின் மைக்கேல் பீர், கிரெக் ஹேமட் ஆகியோரும் இருந்தார்கள். இரண்டு நிறுவனங்களின் பெயரைச் சேர்த்து அந்த மாதிரியை ஐஎஃப்எஸ்-பிபிபிஎல் என்பார்கள்.

அவர்களின் எண் தப்பு என்று பின்னால் தெரிந்தது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அங்கேயே முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. எண் எங்கே தப்பியது, அது தப்பிய பிறகும் எது நின்றது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அன்றைய ஈட்டர் இன்று பிரான்ஸில் கட்டிக்கொண்டிருக்கும் ஈட்டர் இல்லை. 1985இல் ஜெனீவாவில் ரேகனும் கோர்பச்சேவும் சந்தித்தபோது முளைத்த யோசனை, 1992இல் பொறியியல் வடிவமைப்புக்கு வந்தது. பிளாஸ்மாவை, அதாவது மின்னேற்றத் துகள்களாகப் பிரிந்த சூடான வாயுவை, காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் வளையம் அது. வளையத்தின் பெரிய ஆரம், அதாவது வளையத்தின் மையத்திலிருந்து குழாயின் நடுவரைக்கும் உள்ள தூரம், 8.14 மீட்டர், பிளாஸ்மாவில் ஓடும் மின்னோட்டம் 21 மெகா ஆம்பியர், இணைவுத் திறன் 1500 மெகாவாட். இலக்கு பற்றவைப்பு. அதாவது, ஒருமுறை பிடித்துக்கொண்டால் வெளியிலிருந்து சூடு தராமலே, இணைவில் பிறக்கும் ஆல்ஃபா துகள்களின் சூட்டிலேயே பிளாஸ்மா தொடர்ந்து எரிய வேண்டும். அதற்கு உள்ளே போன சூடு ஏறத்தாழ 6 விநாடியாவது தங்க வேண்டும் என்பது கணக்கு.

அந்த 6 விநாடி கிடைக்கும் என்று எப்படிச் சொன்னார்கள்? உலகத்தில் ஏற்கெனவே இருந்த டோகாமாக்குகளில், அதாவது இதே மாதிரியான வளைய இயந்திரங்களில், அளந்த சூடு தங்கும் நேரங்களையெல்லாம் திரட்டி, மின்னோட்டம், காந்தப்புலம், ஆரம், அடர்த்தி, சூடேற்றும் திறன் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடுக்கெண் வைத்து, லாக் தாளில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டை ஈட்டரின் அளவுவரை நீட்டினார்கள். கிண்டலாகச் சொல்லவில்லை. கப்பல், விமானம் எல்லாம் இப்படித்தான் வளர்ந்தன, இந்தக் கோடும் அப்போதிருந்த இயந்திரங்களை நன்றாகவே பிடித்தது. ஆனால் ஏன் சூடு வெளியேறுகிறது என்று அந்தக் கோட்டுக்குத் தெரியாது. தெரியாமலே நீட்டுவது எவ்வளவு தூரம் சரிப்படும் என்பதுதான் கேள்வி.

சூடு ஏன் வெளியேறுகிறது என்பதற்கு விடை கொந்தளிப்பு. வளையத்தின் நடுவில் 10 கோடி டிகிரிக்கு மேல், இரண்டு மூன்று மீட்டர் தள்ளிச் சுவர். இவ்வளவு செங்குத்தான வெப்பச் சரிவு சும்மா இருக்காது. வளையத்தின் வெளிப்புறத்தில் காந்தக் கோடுகள் வளைந்திருக்கும் விதத்தால், சூடான அயனிகள் சில சென்டிமீட்டர் அகலச் சுழிகளாகக் கிளம்பி, உள்ளிருக்கும் சூட்டை வெளியே கடத்திவிடுகின்றன. இதை அடிப்படைச் சமன்பாடுகளிலிருந்து கணக்கிட வேண்டும் என்றால் தலை சுற்றும். ஒரு டியூட்டீரிய (கன ஹைட்ரஜன்) அயனி அந்தக் காந்தப்புலத்தில் விநாடிக்குச் சுமார் 4 கோடி முறை சுற்றுகிறது, சுற்றின் ஆரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர். நமக்குத் தெரிய வேண்டியதோ விநாடிக்கணக்கில், மீட்டர்கணக்கில் நடக்கும் சங்கதி. ஒவ்வொரு சுற்றையும் பின்தொடர்ந்தால் எந்தக் கணினியும் தாங்காது.

இங்கேதான் கைரோகைனடிக்ஸ் வருகிறது. சுழிகள் அசையும் வேகத்தோடு ஒப்பிட்டால் அயனியின் சுற்று மிக மிக வேகமானது. அதனால் சுற்றையே சராசரி எடுத்து, அயனியை ஒரு புள்ளியாக இல்லாமல் மின்னேற்றம் உள்ள ஒரு சின்ன மோதிரமாகப் பாவித்துக்கொள்ளலாம். ஆறு பரிமாணக் கணக்கு ஐந்தாகிறது, நேர இடைவெளியைத் தாராளமாக வைக்கலாம். 1982இல் ஃப்ரீமனும் சென்னும் இதன் நேரிலா வடிவத்தை எழுதினார்கள், அடுத்த ஆண்டே பிரின்ஸ்டனில் டபிள்யூ. டபிள்யூ. லீ அதைக் கணினியில் துகள்களாக ஓட்டும் வழியைக் காட்டினார்.

அப்படியும் தொண்ணூறுகளின் கணினிகளுக்கு ஐந்து பரிமாணம் கனமாகத்தான் இருந்தது. அதனால் ஆஸ்டின்-பிரின்ஸ்டன் குழு ஒரு குறுக்குவழி எடுத்தது. அயனிகளின் வேகப் பரவலை முழுதாக வைத்துக்கொள்ளாமல், அடர்த்தி, பாய்வு, வெப்பநிலை, வெப்பப் பாய்வு என்று ஒரு கைப்பிடி அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, விட்டுப்போனதை ஒரு மூடு சூத்திரத்தால் ஈடுகட்டினார்கள். இதற்கு கைரோஃப்ளூயிட் என்று பெயர். அந்த மூடு சூத்திரம் வெறும் ஒட்டுப்போடுதல் இல்லை. ஹேமட்டும் பெர்கின்ஸும் 1990இல் கண்டுபிடித்த வழி, துகள்கள் அலையிலிருந்து ஆற்றலைக் குடிக்கும் நுட்பமான விளைவைக்கூடத் திரவச் சமன்பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. சுழிகளைப் பொறுத்தவரை பிரமாதமாக வேலை செய்தது. இதோடு, சுழிகள் ஒன்றோடொன்று மோதுவதைச் சேர்க்காத எளிய கணக்கான நேரியல் கைரோகைனடிக் கணக்கையும் கோத்து, இவ்வளவு சரிவுக்கு இவ்வளவு சூடு கசியும் என்று ஒரு சூத்திரமாக 1995இல் வெளியிட்டார்கள். பிரின்ஸ்டனின் டிஎஃப்டிஆர் இயந்திரத்தில் அளந்த வெப்பநிலை வளைவுகளோடு ஒப்பிட்டபோது, ஓரத்து வெப்பநிலையை மட்டும் அளந்த எண்ணாகக் கொடுத்தால், உள்ளே இருப்பதை அது நன்றாகவே சொன்னது. அடிப்படையிலிருந்து புறப்பட்டு டோகாமாக்கின் வெப்பநிலையைச் சொல்லும் கணக்கு என்பதால் அதற்குப் பெரிய மரியாதை கிடைத்தது.

மாதிரி சொன்ன முக்கியமான சேதியை, நெல் அடிக்கும் களத்தைப் பார்த்தவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். களத்தின் நடுவில் கூடை கூடையாக நெல்லைக் கொட்டினால் குவியல் ஒரு சரிவுவரை நிற்கும். அதற்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் சரிந்து ஓரத்துக்கு ஓடிவிடும். களத்தின் அகலம் மாறாது, ஓரத்தைத் தாண்டியது வெளியேதான். அப்படியென்றால் நடு உயரத்தைக் கூட்ட ஒரே வழி, குவியலை ஒரு திண்ணையின்மேல் ஏற்றுவது. பிளாஸ்மாவிலும் அப்படியே. வெப்பச் சரிவு ஒரு வாசலைத் தாண்டியதும் கொந்தளிப்பு பொங்கி, சரிவைத் திரும்ப வாசலுக்கே இழுத்துவிடுகிறது. நடுவில் எவ்வளவு சூடு என்பதை ஓரத்துத் திண்ணை தீர்மானிக்கிறது. 1982இல் ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் இயந்திரத்தில் ஃப்ரிட்ஸ் வாக்னர் கண்ட, சூடு நன்றாகத் தங்கும் எச்-மோட் என்ற நிலையில், ஓரத்தில் இப்படி ஒரு திண்ணை நிஜமாகவே எழும்புகிறது. ஆங்கிலத்திலும் அதைப் பீடம் என்ற பொருளில்தான் பெடஸ்டல் என்கிறார்கள்.

நெல்லுக்கும் பிளாஸ்மாவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதுதான் எண்களை இத்தனை கூர்மையாக்குகிறது. பிளாஸ்மாவில் வாசலைத் தீர்மானிப்பது வெறும் சரிவு அல்ல, அந்த இடத்து வெப்பநிலையோடு ஒப்பிட்ட சரிவு. பெரிய ஆரத்தை, வெப்பநிலை 2.7 மடங்கு மாற எடுக்கும் தூரத்தால் வகுத்தால் வருவதைச் சரிவு எண் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போகப் போக வெப்பநிலை கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். ஒரு கைக்கணக்கு: பழைய ஈட்டரில் திண்ணையிலிருந்து நடுவரைக்கும் உள்ள தூரம் பெரிய ஆரத்தில் சுமார் 0.3 பங்கு. வாசல் 4 என்றால் 2.7க்கு அடுக்கு 1.2, நடு வெப்பநிலை திண்ணையைப்போல் 3.3 மடங்கு. வாசல் 6 என்றால் அடுக்கு 1.8, நடுவில் 6 மடங்கு. திண்ணையில் 3.5 கோடி டிகிரி இருந்தால் முதல் கணக்கில் நடுவில் பதினொன்றரைக் கோடி, இரண்டாவதில் 21 கோடி. இந்த எல்லையில் இணைவு வேகம் ஏறத்தாழ வெப்பநிலையின் வர்க்கமாக ஏறும், ஆக எரியும் வேகத்தில் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். உண்மையான மாதிரியில் வளையத்தின் வடிவம், மின்னோட்டப் பரவல் எல்லாம் சேர்ந்து வாசல் இடத்துக்கு இடம் மாறும், ஆனால் சண்டை எதைப் பற்றி என்று புரிய இந்தக் கைக்கணக்கு போதும்.

ஐஎஃப்எஸ்-பிபிபிஎல் மாதிரி வாசலைக் கீழே வைத்தது, வாசலைத் தாண்டிய கசிவை மேலே வைத்தது. அதன்படி பற்றவைப்பு வேண்டும் என்றால் ஈட்டரின் திண்ணை மிக உயரமாக இருக்க வேண்டும். அந்த உயரம் வரும் என்று சொல்ல அப்போது யாரிடமும் நம்பகமான கணக்கு இல்லை. மாதிரியே திண்ணையைக் கணிப்பதில்லை, வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. ஈட்டர் தரப்பு, எங்கள் கோடு இத்தனை இயந்திரங்களைப் பிடிக்கிறது, உங்கள் மாதிரிக்கு முதுகெலும்பான ஓரத்து எண்ணே உங்களிடம் இல்லையே என்றது. ஆஸ்டின் தரப்பு, கோட்டுக்கு இயற்பியல் தெரியாது என்றது. இரண்டு பேர் சொன்னதும் சரிதான், அதனாலேயே முடிவுக்கு வரவில்லை.

வெளியே சூழலும் மோசம். அமெரிக்க நாடாளுமன்றம் 1996க்கான இணைவு நிதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வெட்டியிருந்தது. 1997 ஏப்ரலில் டிஎஃப்டிஆர் மூடப்பட்டது. காசு கொடுக்க மனமில்லாத வீட்டில் ஜோசியக்காரர் பொருத்தம் இல்லை என்று சொன்ன மாதிரி ஆயிற்று. கணக்குதான் ஈட்டரைக் கவிழ்த்தது என்று எழுதுவது மிகை என்பது என் கருத்து, பணப்பை ஏற்கெனவே மூடிக்கொண்டிருந்தது. கணக்கு அதற்கு நல்ல காரணம் ஒன்றைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

இதற்கிடையில் கலிஃபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில் ஆண்ட்ரிஸ் டிமிட்ஸும் கூட்டாளிகளும் குறுக்குவழி இல்லாத முழு கைரோகைனடிக் கணக்கை, துகள்களாகவே, ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1996இலேயே அவர்கள் வெளியிட்ட கசிவு எண்கள் கைரோஃப்ளூயிட் எண்களைவிடக் கணிசமாகக் குறைவு. உடனே சந்தேகம் எழுந்தது. துகள் முறையில் ஒரு வியாதி உண்டு. கோடானுகோடி அயனிகளுக்குப் பதில் சில லட்சம் கணினித் துகள்களை வைத்து ஓட்டுவதால், எண்ணிக்கை குறைவால் வரும் தற்செயல் ஏற்ற இறக்கமே, அதாவது கணக்கின் சத்தமே, சுழிகளைக் கெடுத்து, கசிவைக் குறைத்துக் காட்டிவிடலாம். அந்தச் சந்தேகம் அநியாயமானதல்ல. பல வருஷம் கழித்து 2005இல், எலக்ட்ரான் கொந்தளிப்பைப் பற்றிய சில துகள் ஓட்டங்களில் இதே வியாதி நிஜமாகவே பிடிபட்டது. இந்தத் தடவை மட்டும் குற்றவாளி சத்தம் இல்லை.

யார் சரி என்று பார்க்க ஒரே வழி, எல்லோரும் ஒரே கேள்விக்கு விடை எழுதுவது. சைக்ளோன் என்ற பெயரில் ஒரு கூட்டு முயற்சி அதைச் செய்தது. சான் டியேகோவில் உள்ள டிஐஐஐ-டி டோகாமாக்கின் 81499 என்ற எண்ணுள்ள ஓட்டத்திலிருந்து ஓர் இடத்து எண்களை எடுத்து, இன்னும் எளிமையாக்கி, ஒரு பொதுக் கணக்கு தயார் செய்தார்கள். காந்தக் கோட்டின் முறுக்கைச் சொல்லும் எண் 1.4, முறுக்கு மாறும் வேகம் 0.8 வாக்கில், அடர்த்திச் சரிவு எண் 2.2, வெப்பச் சரிவு எண் 6.9. குறுக்குவெட்டு வட்டம், அயனியும் எலக்ட்ரானும் ஒரே சூடு, எலக்ட்ரான்கள் எளிய விதிப்படி நடப்பதாக அனுமானம், மோதல் இல்லை. நிஜ உலை இப்படி இருக்காது. ஆனால் மறைந்துகொள்ள இடமே இல்லாத கணக்கு.

கிடைத்த படம் அழகானது. கிடையில் வெப்பச் சரிவு எண், செங்குத்தில் சூடு கசியும் அளவு. நேரியல் கணக்குப்படி சுழிகள் சரிவு எண் 4ஐத் தாண்டியதும் வளரத் தொடங்குகின்றன. கைரோஃப்ளூயிட் கோடு அதற்கு ஏற்றாற்போல் 4ஐ ஒட்டிப் புறப்பட்டு விறுவிறுவென்று ஏறுகிறது. முழு கைரோகைனடிக் புள்ளிகளோ 4ஐத் தாண்டியும் தரையோடு தரையாகக் கிடக்கின்றன, 5இலும் அப்படியே, 6 வந்த பிறகுதான் தலை தூக்குகின்றன. லிவர்மோர் குழு அந்தப் புள்ளிகளுக்கு ஒரு கோடு பொருத்தியது: 15.4 ஐ, ஒன்றிலிருந்து 6ஐச் சரிவு எண்ணால் வகுத்துக் கழித்ததோடு பெருக்க வேண்டும். 6.9 போட்டால் விடை 2. கைரோஃப்ளூயிட் அதே இடத்தில் இதைவிடச் சில மடங்கு காட்டியது. 4க்கும் 6க்கும் நடுவே உள்ள அந்த வெற்றிடத்துக்குத்தான் டிமிட்ஸ் பெயர்ச்சி என்று பெயர் வந்தது.

சரி, சுழிகள் வளரத் தகுதியுள்ள இடத்தில் ஏன் கசிவு இல்லை? சரிவு எண் 5இல் ஓர் ஓட்டத்தை நேரத்தோடு பார்த்தால் தெரியும். முதலில் எல்லாம் பாடப்புத்தகம்போல் போகும், சுழிகள் முளைக்கும், நீண்ட விரல்களாக வெளியே நீளும், கசிவு சட்டென்று ஏறும். அந்த ஏற்றத்திலேயே சுழிகள் தங்களுக்குள் மோதி, ஒரு புது விஷயத்தைப் பிறப்பிக்கின்றன: வளையத்தைச் சுற்றி ஒரே சீராக ஓடும் பாய்ச்சல், ஒரு அடுக்கு இந்தப் பக்கம், அடுத்த அடுக்கு எதிர்ப்பக்கம். வியாழன் கோளின் படத்தில் தெரியும் பட்டைகள் இதே குடும்பம். இந்தப் பாய்ச்சல் சூட்டைக் கடத்தாது, ஆனால் குறுக்கே நீண்ட விரல்களை வெட்டித் துண்டாக்கிவிடும். கசிவுக் கோடு விழுந்து தரையைத் தொடும். பாய்ச்சல் மட்டும் அப்படியே நிற்கும். பெற்ற பிள்ளை அப்பனை வீட்டை விட்டு விரட்டிய கதைதான்.

கைரோஃப்ளூயிட்காரர்களுக்கு இந்தப் பாய்ச்சல் தெரியாமல் இல்லை, அவர்கள் கணக்கிலும் அது பிறந்தது. ஆனால் சீக்கிரம் செத்துப்போனது. ஏன் என்பதற்கு மார்ஷல் ரோசன்ப்ளூத்தும் ஃப்ரெட் ஹிண்டனும் 1998இல் காகிதத்திலேயே கணக்குப் போட்டு விடை சொன்னார்கள். மோதல் இல்லாத பிளாஸ்மாவில் இப்படி ஒரு பாய்ச்சலைத் தட்டிவிட்டால், அது கொஞ்ச நேரம் ஊசலாடிக் குறையும், ஆனால் பூஜ்யத்துக்குப் போகாது. ஒரு பங்கு அப்படியே மிஞ்சும். அவர்கள் சூத்திரத்தில் சைக்ளோன் எண்களைப் போட்டுப் பார்த்தேன், சுமார் 12 சதவீதம் வருகிறது. கைரோஃப்ளூயிட்டின் மூடு சூத்திரம் இந்த 12ஐயும் பூஜ்யம் ஆக்கியது. சுழிகளின் ஆற்றல் வடிவதை அவ்வளவு கவனமாகப் பிடித்த அதே சூத்திரம், வடியக் கூடாத ஒன்றையும் சேர்த்து வடித்துவிட்டது. 12 சதவீதம் அற்பமாகத் தெரியலாம். ஆனால் சுழிகள் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிக்கொண்டே இருக்கும்போது, போட்டதில் எட்டில் ஒரு பங்கு போகாமலே தங்கினால் அது சேர்ந்துகொண்டே போகும். வாசலுக்குப் பக்கத்தில், சுழிகள் பலவீனமாக இருக்கும் இடத்தில், அந்தச் சேமிப்பே ஆட்டத்தை முடித்துவிடுகிறது.

அதே 1998 செப்டம்பரில் பிரின்ஸ்டனின் ஜிஹோங் லின் குழு, பிளாஸ்மாவில் காந்தக் கோட்டை ஒட்டிய ஒரு சின்னக் குழாயை மட்டும் எடுக்காமல் முழு வளையத்தையும் ஓட்டிய படத்தை சயன்ஸ் இதழில் வெளியிட்டது. பாய்ச்சலை அணைத்து ஓட்டினால் நீண்ட விரல்கள், விட்டு ஓட்டினால் பொடிப்பொடியான சுழிகள். அந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு வேறு வாதம் தேவைப்படவில்லை. கைரோஃப்ளூயிட்காரர்களும் தங்கள் மூடு சூத்திரத்தைத் திருத்தினார்கள், வித்தியாசம் குறைந்தது. 2000இல் வெளியான சைக்ளோன் ஆய்வுத் தாளின் ஆசிரியர் பட்டியலில் டிமிட்ஸ் முதலில் இருக்கிறார், அதே பட்டியலில் கோட்ஷென்ராய்ட்டர், டோர்லண்ட், பீர், ஹேமட் நால்வரும் இருக்கிறார்கள். தங்கள் மாதிரி எங்கே தவறியது என்று விவரிக்கும் தாளில் தாங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

ஆனால் காலம் ஒத்துவரவில்லை. பாய்ச்சலின் மர்மம் அவிழ்ந்துகொண்டிருந்த அதே 1998இல்தான் அமெரிக்க நாடாளுமன்றம் ஈட்டருக்கான பணத்தை நிறுத்தியது. மீதிப் பேர் வடிவத்தைச் சுருக்கினார்கள். 2001இல் முடிவான புது ஈட்டரின் பெரிய ஆரம் 6.2 மீட்டர், மின்னோட்டம் 15 மெகா ஆம்பியர், திறன் 500 மெகாவாட், பற்றவைப்பு என்ற சொல்லுக்குப் பதிலாக உள்ளே போடும் சூட்டைப்போல் 10 மடங்கு என்ற இலக்கு. 2003இல் அமெரிக்கா திரும்பி வந்தது, 2005 முடிவில் இந்தியாவும் சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், இந்தச் சின்ன ஈட்டரின் அளவுகளை முடிவுசெய்ததும் பெரும்பாலும் அந்தப் பழைய லாக் தாள் கோடுதான், புதிய தரவுகளோடு திருத்தியது.

எண் தவறிய அந்த மாதிரி சொன்ன உருவம் மட்டும் நின்றுவிட்டது. வாசல் உண்டு, வாசலைத் தாண்டினால் சரிவு மேலே ஏறாமல் பிளாஸ்மா விறைத்துக்கொள்ளும், நடுவின் விதியை ஓரத்துத் திண்ணை எழுதும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. திண்ணையின் உயரத்தைக் கணிப்பதே தனித் துறையாகிவிட்டது, 2009 வாக்கில் வந்த ஈபெட் என்ற மாதிரியை இன்று எல்லோரும் எடுத்தாளுகிறார்கள். டிமிட்ஸ் பெயர்ச்சியின் பக்கமும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும். மோதல்களைச் சேர்த்தால் பாய்ச்சல் மெல்லத் தேய்கிறது, எலக்ட்ரான்களை ஒழுங்காகச் சேர்த்தால் கசிவு கூடுகிறது. நிஜ இயந்திரத்து எண்களோடு ஓட்டினாலும் பெயர்ச்சி மறைந்துவிடுவதில்லை என்று 2008இல் மிக்கல்சனும் டோர்லண்டும் காட்டினார்கள். அதே டோர்லண்ட்தான்.

கணினிகளின் கதை தனி. இன்று எலக்ட்ரான் அளவிலிருந்து அயனி அளவுவரை சேர்த்து ஓட்டும் கணக்குகளில் ஓர் ஓட்டத்துக்கே ஒரு கோடி பிராசஸர்-மணிக்கு மேல் போகிறது. மறுபக்கம், அன்றைக்குச் சூப்பர் கணினி கேட்ட சைக்ளோன் கணக்கை இன்று நல்ல ஜிபியு ஒன்று இருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிடலாம். புதிதாக ஒரு கைரோகைனடிக் கோட் எழுதுபவர் யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் ஓட்டுகிறார், 6.9இல் தன் எண் மற்றவர்களின் எண்ணோடு ஒத்துப்போகிறதா, 5இல் கசிவு தரையில் கிடக்கிறதா என்று பார்க்கிறார். மாசசூசெட்ஸில் கட்டிவரும் ஸ்பார்க் டோகாமாக்குக்கு 2022இல் இப்படிப்பட்ட முழு கைரோகைனடிக் கணக்கையே நேராக வைத்துக் கணித்தபோது, உள்ளே போடும் சூட்டைப்போல் ஏறத்தாழ 9 மடங்கு என்று வந்தது, லாக் தாள் கோடு சொன்னது 11 வாக்கில். இரண்டும் இவ்வளவு நெருங்கியது 1996இல் யாரும் நினைத்துப் பார்க்காதது. அந்தக் கணக்கிலும் ஓரத்து எண்ணை ஈபெட் மாதிரியிடமிருந்துதான் வாங்கிக்கொண்டார்கள். எரியும் ஈட்டரின் திண்ணை எவ்வளவு உயரம் நிற்கும் என்று அளந்து பார்க்க, எரிபொருளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் அதற்குள் போக வேண்டும். 2024இல் வெளியான கால அட்டவணைப்படி அது 2039இல்.